மெஷின் ஓடுற நாள்

உக்காருங்க தம்பி, இந்த சீட்டுல ஆளில்லை. அந்தப் பையை மட்டும் கீழ வெக்காதீங்க, மழைத்தண்ணி உள்ள வந்திருக்குது பாருங்க. மடியில வெச்சுக்கோங்க. துணிங்களா? மேல பிரிஞ்சு தெரியுது, அதுதான் கேட்டேன். ஒரு நிமிசம் இப்படிக் காட்டுங்க. பாத்தீங்களா, இங்க ஒரு இழை விட்டுப் போயிருக்குது. விரலை வெச்சுத் தடவிப் பாருங்க. உங்களுக்குத் தெரியாதுங்க, எனக்குத் தெரியும். மில்லுல துணி செக்கிங்லயே தலை நரைச்ச ஆளு நான். வெளக்குப் போட்ட மேசை மேல துணி ஓடிக்கிட்டே இருக்கும், நான் சாக்பீஸை வெச்சுக்கிட்டு நிப்பேன். குத்தம் எங்க இருந்தாலும் ஒரு வட்டம். ஆறுச்சாமி கண்ணுக்குத் தப்பிச்சு ஒரு பீஸு வெளிய போகாதுன்னு மேனேஜரே சொல்லுவாரு.

மாத்த முடியாதுங்களா? செரி விடுங்க. சட்டை தைச்சா அந்த எடம் அக்குளுக்குள்ள போயிரும்.

நானா? நான் கடைசி ஸ்டாப் வரைக்கும் போறேனுங்க, மருதமலை அடிவாரம். கோயிலுக்கு இல்லை. அடிவாரத்துல எறங்குவேன், ஒரு டீ குடிப்பேன், கொஞ்ச நேரம் கல்லு மேல உக்காந்திருப்பேன், அடுத்த பஸ்ஸைப் புடிச்சு சிங்காநல்லூருக்கே திரும்பிப் போவேன். சிரிக்காதீங்க. சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். எனக்கே பாதிதான் புரியுது, அது வேற.

எங்க ஊட்டுக்காரி பேரு தெய்வானை. அவளும் துணிக்காரிதான். போர்வை தைப்பா. கடையில விக்கிற போர்வை மாதிரி இல்லீங்க. துண்டு துண்டா வெட்டின துணியை ஒண்ணோட ஒண்ணு சேத்து, உள்ள பஞ்சு ஷீட்டு வெச்சு, அடியில ஒரு துணி குடுத்து, மூணும் சேந்து புடிக்கற மாதிரி மேல தையல் ஓட்டுவா. பேட்ச் ஒர்க்குன்னு எம்பொண்ணு சுகந்தி சொல்லும். ஒறம்பரையில, சொந்தக்காரங்க ஊட்டுல, கொழந்தை பொறந்தா இவ போர்வை போகும். கல்யாணம்னா போகும். எழவு விழுந்த ஊட்டுக்குக்கூட, எல்லாரும் வந்துட்டுப் போய் அடங்கினதுக்கு அப்பறம் கொண்டுபோய்க் குடுத்துட்டு வருவா. யாரு கேட்டாங்க? யாரும் கேக்கறதில்லை.

இந்தப் போர்வைக்கு எங்க ஊட்டுல நாலு மெஷினுங்க. சொன்னா நம்ப மாட்டீங்க, ரெண்டு பேரு இருக்கற ஊட்டுல நாலு தையல் மெஷின். கருப்பு மெஷின், கால்ல மிதிக்கறது, அவங்கப்பா சீரா குடுத்தது. பச்சை மெஷின், யாரோ டெய்லர் கடையைக் காலி பண்ணும்போது வாங்கினது, நாந்தான் மோட்டர் மாட்டிக் குடுத்தேன். வெள்ளை மெஷின் சுகந்தி வாங்கிக் குடுத்தது, அதுல பூவெல்லாம் போடலாமாம். அப்பறம் ஒரு கைமெஷின், பெட்டியில வெச்சு ஊருக்குக்கூட எடுத்துட்டுப் போலாம். எதுக்கு நாலுன்னு ஒருக்காக் கேட்டேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் இருக்குதுங்கன்னா. கருப்புல தைச்சா யோசனை வருமாம், வெள்ளையில தைச்சா வேலை முடியுமாம். மெஷினுக்கு என்னுங்க குணம்? எல்லாத்துலயும் ஊசி மேல போகுது, கீழ வருது.

நான் வேலையில இருந்த வரைக்கும் இதையெல்லாம் கண்டுக்கிட்டதே இல்லை. ஷிஃப்ட்டு முடிச்சு வருவேன், திங்கறது, தூங்கறது. அவ ஒரு பக்கம் தைச்சுக்கிட்டு இருப்பா. ரிட்டையர் ஆனதுக்கு அப்பறந்தான் பாக்கறேன், ஒரு ஒழுங்கே இல்லை. மெஷினெல்லாம் முன்னால ரூம்புல, தெருப் பக்கம் சன்னலைப் பாத்து. தைச்சுக்கிட்டே தெருவுல போறவங்க வாறவங்ககிட்ட எல்லாம் பேச்சு. கீரைக்காரம்மாகிட்ட, பள்ளிக்கூடம் போற புள்ளைங்ககிட்ட. இப்படி வேடிக்கை பாத்துக்கிட்டே தைச்சா தையல் எப்படிங்க நேரா வரும்? நானே ஒருநாள் நாலையும் பொறகால ரூம்புக்குத் தூக்கிட்டுப் போய் செவுத்தைப் பாக்க வரிசையா வெச்சேன். டியூப் லைட்டு போட்டேன். துணியை எல்லாம் கலர் வாரியாப் பிரிச்சு டப்பாவுல போட்டு, டப்பா மேல பேரெழுதி ஒட்டினேன். இடுப்பு புடிச்சுக்கிச்சு, ஒரு வாரம் தைலம் போட்டேன். அவதான் போட்டுவிட்டா.

கடைக்கும் நானே கூடப் போக ஆரம்பிச்சேன். வாரத்துல ஒரு நாள் டவுனுக்குப் போவா, ஒப்பணக்கார வீதி பக்கம் ஒரு சந்துல யூசுப் பாய்னு ஒருத்தர் கட்பீஸ் கடை வெச்சிருக்கறாரு. பாவம், இத்தனை வருசமாத் தனியாப் போயிருக்கறாளேன்னு ஒருக்கா விடாம நானும் போனேன். 'வெயில்ல நீங்க எதுக்குங்க, நான் போயிட்டு வந்தர்றேன்'னு சொல்லிப் பாத்தா. நான் கேப்பனா? பொண்டாட்டியைத் தனியா அனுப்பற ஆளில்லீங்க நான்.

அங்க போனா இவ பண்றது எதுவும் கணக்குல வராது. ஒரு துணியை எடுப்பா. எதுக்குன்னு கேப்பேன். 'தெரியலைங்க, புடிச்சிருக்குது' ம்பா. எத்தனை மீட்டர் வேணும்? 'பாக்கோணும்' ம்பா. எதுக்குன்னே தெரியாம ஒருத்தி துணி வாங்கலாமுங்களா? ஊட்டுல டப்பா டப்பாவாத் துணி கெடக்குது, அதைத் தீத்துட்டு இதை எடுன்னு சொன்னேன். பாயாவது புத்தி சொல்லுவாருன்னு பாத்தா, 'அம்மா எடுக்கட்டும் சார், எதுக்குங்கறதை அந்தத் துணியே பொறகு சொல்லும்'ங்கறாரு. வியாபாரி வேற எப்படிப் பேசுவாரு?

ஒருநாள் காட்டன்னு ஒரு நீலத் துணியைக் காட்டினாரு. தொட்ட ஒடனே எனக்குச் சந்தேகம். ஓரத்துல ஒரு நூலை உருவித் தீக்குச்சியைப் பத்த வெச்சேன். சுத்த காட்டன்னா காகிதம் எரியற வாசனை வரும், கலப்புன்னா உருண்டு கருகும். உருண்டுதுங்க. நான் சொன்னதுதான் செரி. கடை பூராத் துணி, நடுவுல நான் தீக்குச்சியோட நிக்கறேன், பாய் தண்ணிச் சொம்பைத் தூக்கிக்கிட்டு ஓடியாறாரு. தெய்வானை அந்த நீலத் துணியை மடிச்சு பலகை மேல வெச்சுட்டு வெளிய எறங்கிப் போயிட்டா. பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் சன்னலுக்கு வெளியவே பாத்துக்கிட்டு வந்தா. இத்தனை வருசம் ஏமாந்துட்டமேன்னு அவளுக்கு வருத்தமா இருந்திருக்கும்.

அப்பறம் போர்வை விசயம். அவ தங்கச்சி பேரனுக்குன்னு ஒண்ணு தைச்சு முடிச்சுக் கொடியில போட்டிருந்தா. நல்ல வெயிலு, பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்குது, நம்ம செக்கிங் மேசை மாதிரியே. கை சும்மா இருக்குமுங்களா? சாக்பீஸை எடுத்துட்டேன். கோணலாப் போன தையலுக்கு எல்லாம் ஒரு வட்டம். அவ வந்து பாத்துட்டு, 'இத்தனை வட்டமா?'ன்னா. இவ்வளவு பெரிய போர்வைக்கு இது கம்மிதான்னேன். மில்லுலயா இருந்தா இதை முதல் தரத்துல பாஸ் பண்ணியிருப்பாங்கன்னேன். ஒருத்தரை நான் அப்படிப் பாராட்டினதே இல்லீங்க. அவ அதைத் தங்கச்சிக்கு அனுப்பலை. ஏன்னு கேட்டேன், கொழந்தைக்கு வேற வாங்கிட்டாங்களாம்.

இதெல்லாம் சின்ன விசயம். உங்களுக்கு டிக்கெட் எடுத்தாச்சா? செரி. இனிமேத்தான் விசயமே இருக்குது.

போன ஐப்பசியில ஒரு போர்வை ஆரம்பிச்சா. யாருக்குன்னு கேட்டேன். 'யாருக்கும் இல்லைங்க, நம்ம ஊட்டுக்கு' ன்னா. பொறகால ரூம்புல இருக்கற கட்டல் மேல துண்டு துண்டா வெட்டின துணியை எல்லாம் பரப்பி வெச்சுட்டா. தைக்கறதுதான் இல்லை. ஒரு துண்டை எடுத்து அங்க வெப்பா, தள்ளி நின்னு பாப்பா, காப்பி குடிப்பா, மறுக்கா அதை எடுத்து இங்க வெப்பா. தீபாவளியும் வந்து போச்சு, கட்டல் அப்படியே கெடக்குது. நானும் பாத்துக்கிட்டே இருக்கறேன். கருப்புக்குப் பக்கத்துல வெள்ளை, கட்டத்துக்குப் பக்கத்துல பூ. என்னோட பழைய காக்கிச் சட்டையில இருந்துகூட ஒரு துண்டு வெட்டியிருக்கறா. அதைக் கொண்டுபோய் நட்டநடுவுல வெச்சு, சுத்தியும் மஞ்சப் பூத் துணி. காக்கிக்கு மஞ்சப் பூவு பொருந்துமுங்களா? நீங்களே சொல்லுங்க.

அந்தச் சமயத்துல பொள்ளாச்சியில அவ சித்தி தவறிட்டாங்க. நான் அன்னைக்குப் போய்த் தலையைக் காட்டிட்டு வந்துட்டேன். அவ சடங்கு முடியற வரைக்கும் அங்கயே இருந்துட்டா. ஊட்டுல நான் ஒத்தையில. எத்தனை நேரந்தான் டிவி பாக்கறது? பொறகால ரூம்புக்குப் போனா கட்டல் நெறைய அந்தத் துண்டுங்க. பாவம், முடிக்கத் தெரியாமத்தான முழிச்சுக்கிட்டு இருந்தா, வர்றதுக்குள்ள நாமளே முடிச்சு வெச்சுட்டா எத்தனை சந்தோசப்படுவான்னு தோணுச்சு. எல்லாத்தையும் வாரி எடுத்தேன். கலர் பிரிச்சேன். வெட்டு கோணலா இருந்ததை எல்லாம் கழிச்சுக் குப்பையில போட்டேன். கருப்பு ஒரு வரிசை, அடுத்தது ஊதா, அடுத்தது பச்சை, அப்படியே வெளுத்துக்கிட்டே போய்க் கடைசியில வெள்ளை. காக்கி மங்கல் கலரு, அதை ஓரத்துக்குத் தள்ளிட்டேன். வெள்ளை மெஷின்ல நேர் தையல் ஓட்டறது ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்லீங்க. ஸ்கேல் வெச்சு அளந்து அளந்து, கண்ணு எரிய எரியத் தைச்சேன். அவ வர்ற அன்னைக்கு மேல்துணி முழுசா முடிஞ்சு கட்டல் மேல விரிச்சுக் கெடக்குது.

எழவூட்டுக்குப் போயிட்டு வர்றவங்க வெளிய தண்ணி ஊத்திக் குளிச்சுட்டுத்தான உள்ள வரோணும்? தெய்வானை அதுல எல்லாம் நெம்பக் கறார். அன்னைக்கும் பொறகால வழியாத்தான் வந்தா, கெணத்தடிக்கு. ரூம்பு சன்னல் தொறந்து கெடந்துது. உள்ள பாத்தவ அப்படியே நின்னுட்டா. அப்பறம் குளிக்காமக் கொள்ளாம நேரா உள்ள வந்து, போர்வையைத் தொட்டுட்டா. நாந்தான் சத்தம் போட்டேன், 'தீட்டோட தொடறியே, குளிச்சுட்டு வந்து பாரு, எங்கயும் ஓடிப் போகாது'ன்னு. அவ கையால ஒவ்வொரு வரிசையாத் தடவிக்கிட்டே போறா. எதையோ தேடற மாதிரி. ஓரம் வரைக்கும் போயிட்டு, 'நல்லா நேரா இருக்குதுங்க' ன்னா. அப்பறந்தான் குளிக்கப் போனா. கெணத்தடியில தண்ணி ஊத்தற சத்தம் நெம்ப நேரம் கேட்டுக்கிட்டே இருந்துது. வெளிய வந்தப்ப கண்ணெல்லாம் செவந்து போயிருந்துது. சித்தி மேல அவளுக்கு அத்தனை பாசம்.

அதுக்கு அப்பறம் அவ மெஷினைத் தொடலைங்க.

நாலு மெஷினுக்கும் பழைய வேட்டியைக் கிழிச்சு மூடிப் போட்டுட்டா. சமைக்கறா, துணி துவைக்கறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. கோவமெல்லாம் இல்லை. கோவம்னா எனக்குத் தெரியாதா? நான் தைச்சதுக்கு அவளே அடித்துணி குடுத்து, என் கட்டல் மேலயே விரிச்சுட்டா. அடித்துணியைக்கூடக் கையிலதான் தைச்சாளுங்க, மெஷின்ல உக்காரலை. மத்தியானமானா செவுத்தைப் பாத்து ஒருக்களிச்சுப் படுத்துக்கறா. கடைக்குப் போலாம் வான்னு கூப்பிட்டா, முழங்கால் வலிக்குது, பஸ் ஏற முடியாதுங்கறா.

எனக்குப் பயமாப் போச்சு. ஊட்டுக்குள்ள எப்பவும் ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருந்துது, அது நின்னு போனதும் சோறு எறங்கலை. பெரிய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். கண்ணு பாத்தாங்க, நல்லாயிருக்குது. சுகர் இல்லை. முட்டி எக்ஸ்ரே எடுத்தாங்க, இந்த வயசுக்கு இது நல்ல முட்டின்னுட்டாங்க. நானே தனியாப் போய் வேற கடையில துணி வாங்கியாந்தேன், ஒரு இழை தப்பில்லாத துணி. வாங்கி பீரோவுல வெச்சுட்டா. சுகந்திக்கு போனைப் போட்டு அழாத குறையாச் சொன்னேன். அது என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்கப்பா' ங்குது. அம்மாவுக்கு என்னன்னு கேட்டா என் ஒடம்புக்கு வாக்கிங் சொல்லுது. பொட்டைப் புள்ளைங்களுக்கு அப்பன் மேலதான் அக்கறை.

இருந்தாலும் ஒருநாள் பென்சன் ஆபீஸ் வேலை இருந்துது, காலையில கெளம்பிப் போனேன். வேலை சீக்கிரம் முடிஞ்சுது. டவுன்ஹால்ல எறங்கி, யூசுப் பாயைப் பாத்து ஊட்டுல இப்படின்னு சொல்லலாம்னு அந்தச் சந்துல நொழைஞ்சேன். பாய் கடைக்கு எதுத்தாப்புல ஒரு கரும்புச் சாறு கடை. அங்க வரைக்கும் போயிட்டு அப்படியே நின்னுட்டேன்.

பாய் கடையில தெய்வானை உக்காந்திருக்கறா.

முக்காலி மேல. சுத்தியும் துணியை விரிச்சுப் போட்டு, கோழி அடைகாக்கற மாதிரி நடுவுல உக்காந்திருக்கறா. பாய் ஒரு துணியைப் பிரிச்சு வீசறாரு, இவ அதை எடுத்துக் கன்னத்துல வெச்சுப் பாக்கறா. என்னமோ சொன்னா. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. தப்பா நெனைக்காதீங்க தம்பி, பாய்க்கு எம்பது வயசு இருக்கும், அவர் சம்சாரமும் உள்ள உக்காந்து பீடி சுத்தற மாதிரி நாடாவைச் சுருட்டிக்கிட்டு இருந்தாங்க, அவங்களும் சேந்துதான் சிரிச்சாங்க. அது இல்லை விசயம். அந்தச் சிரிப்பை நான் பாத்ததே இல்லீங்க. கட்டிட்டு வந்த நாள்ல இருந்து ஒருக்காக்கூட எங்கிட்ட அப்படிச் சிரிச்சதில்லை. உள்ள போய் 'முட்டி வலி எங்க போச்சு'ன்னு கேட்டிருக்கோணும். கரும்புச் சாறை வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன், அதைக் குடிக்கவும் தோணலை, கீழ வெக்கவும் தோணலை.

கண்ட எடத்துலயெல்லாம் சுத்திட்டுப் பொழுதோட ஊட்டுக்குப் போனேன். படுத்திருந்தா. 'எங்காச்சும் போனியா?'ன்னேன். 'முட்டி வலியோட எங்கீங்க போறது' ன்னா. அவ காப்பி போடப் போன நேரம் பாத்துப் பொறகால ரூம்புக்குப் போனேன். வேட்டித் துணி மூடினபடியே இருக்குது. நம்ம கண்ணு விடுமுங்களா? பச்சை மெஷின் மூடியைத் தூக்கினேன். எண்ணெய் போட்டப்ப நான் அதுல வெள்ளை நூல் கோத்து வெச்சிருந்தேன், இப்ப செவப்பு நூல் ஓடுது. மோட்டர் மேல கையை வெச்சேன். சூடா இருந்துதுங்க.

அப்ப நான் இல்லாதப்பத் தைக்கறா. கடைக்குப் போறா, சிரிக்கறா, வந்து தைக்கறா. நான் கேட்டைத் தொறக்கற சத்தம் கேட்டா மூடி போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கறா. இது என்ன சீக்குன்னு சொல்லுங்க. ஆள் பாத்தாத் தைக்க வராத வியாதின்னு ஒண்ணு இருக்குமா? நரம்பு டாக்டரைக் கேக்கலாம்னு இருக்கறேன். இல்லை, கண்ணு கிண்ணு படும்னு நெனைக்கறாளா? என் கண்ணா படப்போகுது? நான் என்ன பண்ணினேன்? குடிக்கறனா, அடிக்கறனா? அவளுக்கு நான் பண்ணின அளவுக்கு எந்தப் புருசனுமே பண்ணியிருக்க மாட்டான். நாலு மெஷினுக்கும் எண்ணெய் போடறது நாந்தான்.

கேக்கோணும்னுதான் மறுநாள் வாயைத் தொறந்தேன். என்னமோ, வேற வந்துருச்சு. மில்லுல இருந்து ரிட்டையர் ஆனவங்க எல்லாம் ஒரு சங்கம் வெச்சிருக்கறாங்க, வாரா வாரம் வியாழக்கெழமை கூட்டம், நான் போயாகோணும்னு சொல்லிட்டேன். அப்படி ஒரு சங்கமே இல்லீங்க. 'போயிட்டு வாங்க, சோறு கட்டித் தரட்டுமா?'ன்னா. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்த பஸ்ஸு. இதுதான் நெம்ப தூரம் போகுது, திரும்பி வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சுரும். கட்டிக் குடுத்த சோத்தை அடிவாரத்துல உக்காந்து திம்பேன். தக்காளிச் சோறு. முன்னயெல்லாம் அவ சோத்துல உப்பு அதிகம், கொறைச்சலுன்னு எதாச்சும் சொல்லுவேன். இப்பக் குத்தம் சொல்லக்கூடப் பக்கத்துல ஆளில்லை.

போன வியாழக்கெழமை வழியில மரம் விழுந்து ரோடு அடைச்சுப் போட்டாங்க. பாதியிலயே எறக்கி விட்டுட்டாங்க. வேற போக்கிடம் இல்லை, ஊட்டுக்குத் திரும்பிட்டேன். எங்க தெரு மொனைக்கு வரும்போதே கேக்குதுங்க. பச்சை மெஷின் இல்லை. கருப்பு. கால் மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதா? தடதடன்னு ஓடி, நின்னு, மறுக்கா ஓடி. பொறகால ரூம்புலயும் இல்லை, முன்னால ரூம்புல இருந்து வருது. சன்னலைத் தொறந்து வெச்சிருக்கறா. ஒத்தையா அத்தனை பெரிய மெஷினை இழுத்துட்டு வந்து தைச்சுட்டு, மறுபடியும் கொண்டுபோய்ப் பழைய எடத்துலயே வெக்கறாளுங்க. வாரா வாரம். நல்ல முட்டிதான்.

நான் கேட்டு மேல கையை வெச்சேன். வெச்ச கையை எடுத்துட்டேன். தூறல் வேற. காம்பவுண்டு செவுத்தோரமா ஒண்டி நின்னுக்கிட்டேன். எதுத்த ஊட்டு அம்மிணி மாடியில துணி எடுக்க வந்தவ, 'என்னுங்க மாமா, உங்க ஊட்டுக்கு வெளிய நனைஞ்சுக்கிட்டு நிக்கறீங்க?'ன்னா. சாவியை மறந்துட்டேன்னேன். 'அத்தை உள்ளதான இருக்காங்க, கூப்பிடட்டுங்களா?'ன்னா. 'வேண்டாம் அம்மிணி, கூப்பிடாத'ன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போல.

மெஷின் நின்னு போச்சு.

ஒடனே நான் தெருமொனைக்குப் போயிட்டேன். பால் பூத்துல நின்னேன். மறுக்கா ஓடுமான்னு காதைக் குடுத்துக்கிட்டே நின்னேன். ஓடலை. எப்பவும் வர்ற நேரம் வரைக்கும் அங்கயே நின்னுட்டு அப்பறந்தான் போனேன். துண்டு குடுத்தா, தலையைத் தொடைச்சுக்கச் சொன்னா. சுக்குக் காப்பி போட்டாந்தா. பக்கத்துல உக்காந்து, 'சங்கத்துல இன்னைக்கு நெறையப் பேருங்களா?'ன்னு கேட்டா. நெறையப் பேருன்னேன். 'என்ன பேசினீங்க?'ன்னா. பொதுவாப் பேசிக்கிட்டு இருந்தோம்னேன். அவளா வந்து பேசி எத்தனை நாளாச்சு, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். காப்பி டம்ளரை வாங்கிக்கிட்டே, 'வாரத்துக்கு ஒரு நாளுதானுங்களா கூட்டம்?'ன்னு கேட்டாளுங்க.

நான் அவ மொகத்தைப் பாக்கலை. இனிமே ரெண்டு நாளுன்னு சொல்லிட்டேன், திங்கக்கெழமையும் உண்டுன்னு.

இன்னைக்குத் திங்கக்கெழமைங்க.